காகிதத்தில் 15, சாலையில் 10

இந்தியாவில் ஒருவர் கார் வாங்கினால், அதன் நிறத்துக்கும் விலைக்கும் முன்பே விசாரிக்கப்படுவது மைலேஜ்தான். வடக்கே ‘கித்னா தேதி ஹை?’ என்பார்கள். ஒரு கார் நிறுவனம் இந்தக் கேள்வியையே விளம்பர வாசகமாக்கிப் பிரபலப்படுத்தியது. நம்மவர்கள் ‘லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?’ என்பார்கள். சின்ன கார் வாங்கியவர் பட்டென்று பதில் சொல்லிவிடுவார். பழைய டீசல் எஸ்.யு.வி. வாங்கியவர்தான் சொல்வதற்கு முன் கொஞ்சம் இருமுவார்.

காரணம் இருக்கிறது. ஏழெட்டு லட்சம் கொடுத்து வாங்கும்போது அவர் மனதில் பதிந்திருந்த எண் 15. நிறுவனத்தின் பழைய விளம்பரத் தாளில் அப்படித்தான் இருந்தது. விற்றவரும் அதையேதான் சொன்னார். மூன்று மாதம் ஓட்டியபின் கணக்குப் பார்த்தால் 10 வருகிறது. உடனே மூன்று சந்தேகங்கள் எழுகின்றன. விற்றவர் ஏமாற்றிவிட்டார். இன்ஜின் போய்விட்டது. பங்க்கில் அளவு குறைகிறது. ஓட்டுநர் வைத்திருக்கும் வீடாக இருந்தால் நாலாவதாக ஒரு சந்தேகம் உண்டு. அது வாய்விட்டுச் சொல்லப்படாமலே ஒருவரின் வேலையைப் பறித்துவிடும்.

இந்த நாலில் ஏதாவது ஒன்று உண்மையாக இருக்கலாம்தான். ஆனால் பங்க்கும் ஓட்டுநரும்தான் காரணம் என்றால் அதன் அளவை யோசித்துப் பாருங்கள். 15 கொடுக்க வேண்டிய வண்டி 10 கொடுக்கிறது என்றால், போட்ட டீசலில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகவேண்டும். 60 லிட்டர் டேங்கில் 20 லிட்டர். இத்தனை பெரிய களவு ஒவ்வொரு முறையும் யார் கண்ணிலும் படாமல் நடப்பது கடினம். பங்க்கில் 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசத்தைச் சட்டம் அனுமதிக்கிறது. அதாவது அரை சதவீதம். எந்தப் பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளை இருக்கும். அதில் ஊற்றிக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பங்க் 5 சதவீதம் அடித்தால்கூட 15 என்பது 14.25 ஆகும். 10 ஆகாது.

அப்படியானால் மீதி எங்கே போனது? பெரும்பாலான வண்டிகளில் மீதி என்று ஒன்று இருந்ததே இல்லை. கோளாறு அந்த 15-இல் இருக்கிறது.

அந்த எண் எங்கே பிறக்கிறது என்று பார்க்கலாம். புனேயில் 1966-இல் தொடங்கப்பட்ட இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம், சுருக்கமாக ஏ.ஆர்.ஏ.ஐ., போன்ற சோதனைக் கூடங்களில் வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டுகிறார்கள். சக்கரம் சுழலும், வண்டி நகராது. சோதனை சுமார் 20 நிமிடம் நடக்கும். நிதானமாக வேகம் கூட்டி, நிதானமாகக் குறைத்து, அட்டவணைப்படி ஓட்டுவார்கள். அதிகபட்ச வேகம் 90 கி.மீ. இன்று பழைய வண்டிகளாக விற்கப்படும் டீசல் எஸ்.யு.வி.க்களின் எண்கள் ஏ.சி.யை நிறுத்திவைத்து எடுக்கப்பட்டவை. அந்த அறையில் மே மாத நாக்பூர் வெயில் இல்லை, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் இல்லை, பின்சீட்டில் மாமியாரும் டிக்கியில் அரிசி மூட்டையும் இல்லை.

இதில் மோசடி எதுவும் இல்லை. எல்லா வண்டிகளையும் ஒரே அட்டவணையில் ஓட்டி ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்காக ஏற்பட்ட சோதனை அது. 2011-இல் எக்ஸ்.யு.வி.500 வந்தபோது சொல்லப்பட்ட எண் 15.1. 2013-இல் வந்த ஈகோஸ்போர்ட் டீசலுக்கு 22.7. 2016-இல் வந்த விட்டாரா பிரெஸ்ஸா டீசலுக்கு 24.3. மூன்றில் எது குறைவாகக் குடிக்கும் என்று தெரிந்துகொள்ள இந்த எண்கள் உதவும். உங்கள் தெருவில், உங்கள் கால் அழுத்தத்தில் எவ்வளவு குடிக்கும் என்பதை இவை சொல்வதில்லை. ஒப்பிடுவதற்காகப் பிறந்த எண்ணை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது.

எஸ்.யு.வி.யின் உடல்வாகு மீதியைச் செய்துவிடுகிறது. சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் பெரிய எஸ்.யு.வி. இரண்டு டன் எடையை ஒட்டி நிற்கும். நகரத்தில் ஒவ்வொரு சிக்னலிலும் அந்த எடையை நிறுத்தி, மறுபடி கிளப்ப வேண்டும். கிளப்பச் செலவான டீசல் பிரேக்கில் வெறும் சூடாகப் போய்விடுகிறது. நெடுஞ்சாலையில் எதிரி காற்று. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு அதன் வர்க்கத்தில் கூடும். 80 கி.மீ. வேகத்தில் போகிறவர் 110-க்குத் தாவினால் காற்றைத் தள்ளும் வேலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. அகலமும் உயரமும் கூடிய முகப்பு உள்ள வண்டிக்கு இந்தத் தண்டனை இன்னும் அதிகம். கூரைமேல் பெட்டி வைக்கும் கேரியர் இருந்தால், அது காலியாக இருந்தாலும், அதற்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

நின்றுகொண்டே குடிப்பது வேறு. ஏ.சி. ஓட, நின்ற இடத்தில் உறுமும் டீசல் இன்ஜின் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை எரிக்கும். அலுவலகம் போய்வரும் வழியில் தினம் 40 நிமிடம் சிக்னலிலும் நெரிசலிலும் நின்றால், மாதம் 25 நாளில் 16 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 8-லிருந்து 16 லிட்டர் டீசல் ஒரு கிலோமீட்டர்கூட நகராமல் புகையாகிவிடும். பெங்களூரிலோ தானேயிலோ இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் தெரிந்துமா இத்தனை பேர் டீசல் எஸ்.யு.வி. வாங்கினார்கள்? வாங்கியதற்குக் காரணம் விலை. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீங்கியது. டீசல் மட்டும் அரசின் மடியில் இருந்தது. 2012 மே மாதக் கடைசியில் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்கும் கீழே. 32 ரூபாய் இடைவெளி. பத்து கி.மீ. கொடுத்தாலும் பரவாயில்லை என்ற தைரியத்தை அந்த இடைவெளிதான் தந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலையும் சந்தைக்கு விடப்பட்டது. 2020 ஜூனில் டெல்லியில் டீசல் விலை பெட்ரோலையே முந்திய வேடிக்கையும் நடந்தது. 2025-இல் அங்கே இடைவெளி சுமார் 7 ரூபாய். 32 ரூபாய்க் காலத்தின் கணக்குக்காகத் தயாரான வண்டிகள் 7 ரூபாய்க் காலத்தில் பழைய வண்டிகளாகக் கைமாறுகின்றன. எண்ணெய் குடிப்பது அன்று போலத்தான், உறைப்பது இன்றுதான்.

பழைய சந்தைக்கு இந்த வண்டிகள் மலிவாக வருவதற்கு இன்னொரு காரணம் டெல்லி. பத்து ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது. உச்சநீதிமன்றம் 2018-இல் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இத்தகைய வண்டிகளுக்குப் பங்க்கில் எரிபொருளே கிடையாது என்று அறிவித்து, சில நாட்களில் நிறுத்திவைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது உச்சநீதிமன்றம். டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4-க்கும் அதற்கு மேற்பட்ட தரத்துக்கும் மட்டும் என்று சுருக்கியது. உத்தரவுகள் மாறிக்கொண்டே இருக்கும் ஊரில் எட்டு, ஒன்பது வயது டீசல் வண்டியை யாரும் நம்பி வைத்திருப்பதில்லை. கரோல் பாக் தரகர் வழியாக அது போபாலுக்கோ ஹைதராபாதுக்கோ கிளம்புகிறது. டெல்லி நெரிசலில் உழைத்துக் களைத்த வண்டி என்பதை வாங்குகிறவர் நினைவில் வைக்க வேண்டும்.

சரி, வாங்கியாகிவிட்டது. இனி என்ன செய்வது? முதல் வேலை அளப்பது. மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பும், ஓட்டுநரை முறைப்பதற்கு முன்பும்.

ஆயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டு, முள் கீழே வந்ததும் கணக்குப் போடுவது நம் வழக்கம். இது கணக்கே அல்ல. ஆயிரம் ரூபாய்க்குச் சுமார் 11 லிட்டர் வரும். டீசல் நுரைக்கும், முள் துல்லியமாகக் காட்டாது, ஒரு லிட்டர் முன்னேபின்னே ஆவது சகஜம். 11-இல் ஒரு லிட்டர் என்பது 9 சதவீதப் பிழை. சரியான முறை இது: பங்க்கில் கைப்பிடி தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். அதற்குமேல் கட்டாயப்படுத்திக் குலுக்கி ஊற்றாதீர்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 500 கி.மீ.யாவது ஓட்டுங்கள். அதே பங்க்கில், அதே கைப்பிடியில், மறுபடி தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இப்போது நிரம்பிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். இப்படி மூன்று முறை செய்து, மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள். டாஷ்போர்டில் மின்னும் எண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது பெரும்பாலும் உங்களைச் சந்தோஷப்படுத்தவே பார்க்கும்.

அளக்கும்போது டயரின் ஓரத்தில் அச்சிட்ட அளவையும் பாருங்கள். எஸ்.யு.வி. வாங்குகிறவர்களில் பலர் கம்பீரத்துக்காகப் பெரிய டயர் மாட்டியிருப்பார்கள். 235/65 ஆர்17 இருக்க வேண்டிய இடத்தில் 245/70 ஆர்17 இருந்தால் சக்கரத்தின் விட்டம் 5 சதவீதம் கூடிவிடும். ஒரு சுற்றில் வண்டி அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. நீங்கள் உண்மையில் 500 கி.மீ. ஓடியிருந்தால் அது சுமார் 476 என்று காட்டும். டீசல் குடித்தது 500-க்கு, கணக்கு எழுதியது 476-க்கு. பெரிய டயர் நிஜமாகவே கூடுதலாகக் குடிக்கும் என்பது இதற்கு மேல். உங்கள் வண்டிக்கு நிறுவனம் சொன்ன டயர் அளவு கதவின் ஓரத்திலோ கையேட்டிலோ இருக்கும்.

ஒழுங்காக அளந்தபிறகும் எண் மனதைச் சுடுகிறதா? வண்டியைப் பாருங்கள், ஆனால் செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள். டயரில் காற்று: காலையில், ஓட்டுவதற்கு முன்பு, குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும். பத்து பி.எஸ்.ஐ. குறைந்தால் இரண்டு மூன்று சதவீத டீசல் வீண். சின்னத் தொகைதான், ஆனால் இலவசமாகக் கிடைப்பது. அடுத்து, பிரேக். அதிகம் பிரேக் போடாமல் பத்து கி.மீ. ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பல மாதம் நின்றுபோய் விற்பனைக்கு வந்த வண்டிகளில் இது அடிக்கடி நேரும்.

பிறகு, வெப்பமானியின் முள். இருபது நிமிடம் ஓடியும் அது நடுவுக்கு வராமல் கீழேயே படுத்திருந்தால், தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். இன்ஜின் சூடாகாமலே ஓடும்; சூடாகாத டீசல் இன்ஜின் அதிகம் குடிக்கும். மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறியது. பலர் அதைப் பார்க்காமல் இன்ஜெக்டர் வரை போய்விடுகிறார்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கரும்புகை கக்கினால், டர்போவிலிருந்து வரும் காற்றுக்குழாயில் எங்கேனும் வெடிப்பிருக்கிறதா, காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குழாய் இணைப்பில் எண்ணெய்க் கசிவும் ‘உஸ்’ என்ற சத்தமும் அதற்கு அடையாளங்கள். இன்ஜின் உறுமல் கூடியும் வேகம் கூடவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஸ்கேனரும் இன்ஜெக்டரும். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிக் குப்பியில் பிடித்து ஒப்பிடும் சோதனை ஒன்று உண்டு. ஒரு குப்பி மட்டும் வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. இந்தச் சோதனை செய்யாமலே ‘நாலையும் மாத்திடலாம் சார்’ என்கிற மெக்கானிக்கிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். டீசல் குழாயில் காந்தம் மாட்டுவது, டேங்கில் பாட்டில் மருந்து ஊற்றுவது ஆகியவற்றால் மைலேஜ் கூடுவது விற்கிறவருக்கு மட்டும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியானால் இன்னொரு விஷயம் இருக்கிறது. அன்றிலிருந்து நாடு முழுவதும் பி.எஸ்.-6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதே ஏப்ரலில் மாருதி டீசல் கார்களையே கைவிட்டது. டீசலைத் தொடர்ந்த நிறுவனங்கள் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டியைப் பொருத்தின. டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அவ்வப்போது 600 டிகிரிக்கு அருகில் சூடேற்றி எரித்தாக வேண்டும். அதற்காக இன்ஜின் கூடுதல் டீசலைச் செலவழிக்கும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக கால் மணி நேரம் ஓடினால் இந்த வேலை சத்தமில்லாமல் முடிந்துவிடும். பள்ளிக்கூடம் 3 கி.மீ., மார்க்கெட் 2 கி.மீ. என்று ஓடுகிற வண்டியில் எரிப்பு பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். கூடுதல் டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும். அதில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலிலும் கலக்கும். ஆயில் அளவுக் குச்சியில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஏறியது டீசல்.

இப்படிப்பட்ட வண்டிக்கு வைத்தியம் எளிது: வாரம் ஒரு முறை ஊருக்கு வெளியே அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுவது. ‘அந்த வடிகட்டியையே வெட்டி எடுத்துவிட்டால் மைலேஜ் கூடும்’ என்று சில ஷெட்டுகளில் யோசனை சொல்வார்கள். அது சட்ட விரோதம். அதைவிட முக்கியமானது, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. உங்கள் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவரின் மூச்சில் மிச்சம் பிடிக்கும் மைலேஜ் நமக்கு வேண்டாம்.

இனி பணத்துக்கு வருவோம். மாதம் 1,000 கி.மீ. ஓடும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக டீசல் லிட்டர் 90 ரூபாய். வண்டி 15 கொடுத்தால் 67 லிட்டர், 6,000 ரூபாய். 10 கொடுத்தால் 100 லிட்டர், 9,000 ரூபாய். ஏமாற்றத்தின் விலை மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000. பள்ளிக் கட்டணமும் வாடகையும் கட்டும் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. எதிர்பாராத தொகை என்பதால் இன்னும் உறுத்தும்.

இதை மீட்கப் புறப்படும்போதுதான் பலர் இரண்டாவது முறை நஷ்டப்படுகிறார்கள். 40,000 ரூபாய் செலவு செய்து வண்டியைப் பிரித்துப் பூட்டி, மைலேஜ் 10-லிருந்து 11 ஆனது என்று வையுங்கள். மாதம் மிச்சமாவது 9 லிட்டர், சுமார் 800 ரூபாய். செலவழித்த பணம் திரும்ப நாலு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் வண்டிக்கு வயதாகிவிடும். பழுது இருந்தால், அது இன்ஜினைக் கெடுக்கும் என்பதற்காகச் சரிசெய்யுங்கள். மைலேஜுக்காக மட்டும் பெரிய செலவு செய்யாதீர்கள்.

கி.மீ. கணக்கிலேயே ஒரு கண்கட்டு இருக்கிறது. 18 கொடுக்கும் சின்ன கார் 19 கொடுத்தால் 1,000 கி.மீ.க்கு மிச்சம் 3 லிட்டர்கூட இல்லை. 8 கொடுக்கும் எஸ்.யு.வி. 9 கொடுத்தால் மிச்சம் கிட்டத்தட்ட 14 லிட்டர். கூடியது இரண்டிலும் ஒரே ஒரு கிலோமீட்டர்தான். ஐரோப்பாவில் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று கேட்பார்கள். அதில் இந்தக் குழப்பம் வராது. வீட்டில் இரண்டு வண்டிகள் இருந்தால் இதில் ஒரு வழி இருக்கிறது. நெரிசலுக்குச் சின்ன வண்டியை எடுங்கள்; எஸ்.யு.வி.யை ஊர்ப் பயணத்துக்கு வையுங்கள். மிச்சம் பிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

விற்றுவிட்டுப் பெட்ரோல் கார் வாங்கிவிடலாமா? அதே 1,000 கி.மீ., நகரத்தில் 14 கொடுக்கும் சின்னப் பெட்ரோல் கார், லிட்டர் 97 ரூபாய் என்றால் மாதம் சுமார் 6,900 ஆகும். மிச்சம் 2,100. அவசரப்பட்டு விற்பதில் ஒரு லட்சம் இழந்தால் அதை ஈடுகட்ட நாலு ஆண்டு வேண்டும். ஆகவே மைலேஜ் ஒன்றுக்காக மட்டும் விற்பதும் லாபமில்லை. ஆனால் உங்கள் ஓட்டமெல்லாம் ஐந்து கி.மீ.க்குள்தான், வண்டியிலோ டி.பி.எஃப். இருக்கிறது, எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிகிறது என்றால், அது தவறான வீட்டில் வாழ்க்கைப்பட்ட வண்டி. பெரிய செலவு வருவதற்கு முன்பு, நல்ல விலை வரும் நேரம் பார்த்துக் கைமாற்றிவிடுங்கள். மாதம் 2,000 கி.மீ. நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் அதையே வாங்கிச் சந்தோஷமாக இருப்பார். டீசலின் பலம் அங்கேதான். ஒரு லிட்டரில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி அடங்கியிருக்கிறது. பளுவோடு நீண்ட தூரம் இழுக்கும்போது இன்ஜின் அதை நன்றாகப் பயன்படுத்துகிறது.

இன்னும் வாங்காதவர்களுக்கு வேலை சுலபம். விற்பவர் சொல்லும் மைலேஜைக் காதில் வாங்காதீர்கள். சான்றிதழ் எண்ணை எடுத்து, உங்கள் ஓட்டம் பெரும்பாலும் நகரத்தில் என்றால், அதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் கிடைக்கும் என்று வைத்து மாதச் செலவைப் போடுங்கள். 15 என்றால் 10. கூடக் கிடைத்தால் அது லாபக் கணக்கு. வண்டியை முதலில் குளிர்ந்த நிலையில் உங்கள் முன்னால் கிளப்பச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். நிறுவனத்தின் சர்வீஸ் பதிவில் இருக்கும் கிலோமீட்டரையும் மீட்டரில் இருப்பதையும் ஒப்பிடுங்கள். வேறு மாநில வண்டியானால் ஆட்சேபணை இல்லை என்ற சான்று, அதாவது என்.ஓ.சி., கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 12 மாதத்துக்கு மேல் உங்கள் மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும், சாலை வரியும் கட்டியாக வேண்டும். மலிவு விலையில் இந்தத் தொகையைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரியும்.

ஓட்டுநர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னபடி மூன்று டேங்க் அளக்கும்வரை அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். முடிந்தால் அதில் ஒரு டேங்க்கை நீங்களே ஓட்டிப் பாருங்கள். உங்கள் கையிலும் அதே 10 வந்தால், பதில் கிடைத்துவிட்டது. அவருடைய மாதச் சம்பளம், ஒரு சோதனைக் கூடத்தில் ஏ.சி. இல்லாமல் எடுத்த எண்ணை நம்பி முடிவாகக் கூடாது.